பொறி கலங்கினால் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது: பிள்ளைகளுக்கு விளையாட்டுப் பயிற்சி கொடுக்க வருபவர்களுக்கு

சாயங்காலப் பயிற்சி. எங்கள் பையன்களையே இரண்டாகப் பிரித்துக் கபடி ஆட விட்டிருந்தேன். பாடி வந்த ரெய்டர் போனஸ் கோட்டைத் தொட வந்தான். இடது கார்னரில், அதாவது பிடிக்கிறவர்கள் வரிசையின் ஓரத்தில், நின்ற பதின்மூன்று வயதுப் பையன் கணுக்காலைப் பிடிக்கத் தலையைக் கவிழ்த்தபடி பாய்ந்தான். ரெய்டர் காலை இழுக்க, முழங்கால் பையனின் நெற்றியில் மோதியது. அந்தச் சத்தம் கோர்ட்டின் மறுமுனையில் நின்ற எனக்கே கேட்டது. பையன் எழுந்தான், கையிலிருந்த மண்ணைத் தட்டினான், "ஒண்ணுமில்ல சார்" என்றான். முகத்தில் தண்ணீர் அடித்து, முதுகில் தட்டி உள்ளே அனுப்பிவிட்டேன்.

இரண்டு ரெய்டு போயிருக்கும். "சார், ஸ்கோர் என்ன?" என்று கேட்டான். சொன்னேன். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் அதே கேள்வி. மூன்றாவது முறை அவன் கேட்டபோது எதிரணியின் பக்கத்தில் போய் நின்றுகொண்டிருந்தான். அப்போதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

மூன்று வாரத்தில் அவன் சரியாகிவிட்டான். ஆனால் அந்த இரண்டு ரெய்டுக்கு நடுவில் இன்னொரு முழங்கால் அவன் தலையில் பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டபோது பல நாள் தூக்கம் வரவில்லை. புதிதாகப் பயிற்சி கொடுக்க வருகிறவர்கள், உடற்கல்வி ஆசிரியராகச் சேர்ந்திருப்பவர்கள், தெருவில் பிள்ளைகளைச் சேர்த்து டீம் நடத்தும் அண்ணன்மார்கள் எல்லோருக்கும் இதை எழுதுகிறேன். நான் கபடிக்காரன், அதனால் உதாரணங்கள் கபடியில்தான் அதிகம் வரும். கிரிக்கெட்டுக்கும் ஃபுட்பாலுக்கும் ஹாக்கிக்கும் விஷயம் ஒன்றுதான்.

முதலில், இது என்ன?

"பொறி கலங்கிருச்சு" என்று நம் ஊரில் சொல்கிறோமே, அதுதான். டாக்டர்கள் கன்கஷன் என்பார்கள். தமிழில் மூளை அதிர்ச்சி என்று எழுதுகிறார்கள். மூளை மண்டையோட்டுக்குள் திரவத்தில் மிதந்தபடி இருக்கிறது. ஓடுகிற தலை சட்டென்று நின்றாலோ, வெடுக்கென்று திருகினாலோ, உள்ளே மூளையும் ஆடுகிறது. நுண்ணிய நரம்பிழைகள் இழுபடுகின்றன. செல்களில் உப்புகளின் அளவு குலைகிறது. அதைச் சரிசெய்ய மூளைக்கு அதிகச் சக்தி தேவைப்படும் நேரத்தில் அதற்குப் போகும் ரத்த ஓட்டம் குறைகிறது. எலும்பு முறிந்த மாதிரி, தோல் கிழிந்த மாதிரி வெளியே தெரிவதற்கு இதில் ஒன்றும் இல்லை. செல்கள் வேலை செய்யும் விதத்தில் வரும் கோளாறு இது.

இதிலிருந்து மூன்று விஷயங்கள் புரியும். ஒன்று, தலையில் நேராக அடி பட்டே ஆக வேண்டும் என்பதில்லை. நெஞ்சில் ஓங்கி ஒரு டேஷ் (இடி) வாங்கித் தலை பின்னுக்குப் போய் வந்தாலே போதும். இரண்டு, மயக்கம் வர வேண்டிய அவசியம் இல்லை. கன்கஷன் ஆனவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் மயங்குவதே இல்லை. "மயக்கம் போடல, அதனால ஒண்ணுமில்ல" என்று ஒருவர் சொன்னால் நம்பாதீர்கள். மூன்று, சி.டி. ஸ்கேனில் இது தெரியாது. ஸ்கேன் எடுப்பது உள்ளே ரத்தம் கசிகிறதா, எலும்பு விரிசலா என்று பார்க்கத்தான். "ஸ்கேன் நார்மல் சார், நாளைக்கே ஆடலாம்" என்று அப்பா வந்து நிற்பார். ரத்தக் கசிவு இல்லை என்பது மட்டுமே அதற்கு அர்த்தம்.

சீசன் தொடங்கும் முன் செய்ய வேண்டியது

ஒரு நோட்டு போடுங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கம். பெயர், வயது, பகலில் எடுக்கக்கூடிய இரண்டு ஃபோன் எண்கள் (அப்பாவுடைய எண் மட்டும் இருந்தால் அவர் வேலையில் இருக்கும்போது எடுக்க மாட்டார்), இதற்கு முன் தலையில் அடி பட்டுப் பொறி கலங்கியது உண்டா, எப்போது, சரியாக எத்தனை நாள் ஆயிற்று. ஏற்கெனவே ஒருமுறை ஆனவருக்கு மறுபடி ஆகும் வாய்ப்பு அதிகம், அதனால் இந்தக் கேள்வியை விட்டுவிடாதீர்கள்.

மைதானத்துக்கு மிக அருகில் சி.டி. ஸ்கேன் வசதியோடு இரவும் பகலும் திறந்திருக்கும் ஆஸ்பத்திரி எது என்று விசாரித்து எழுதி வையுங்கள். ஆம்புலன்ஸ் எந்த வாசல் வழியாக உள்ளே வரும், அந்த கேட்டுச் சாவி யாரிடம் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். பல பள்ளிகளில் மாலை ஐந்து மணிக்கு மேல் வாட்ச்மேன் கேட்டைப் பூட்டிவிட்டு டீ குடிக்கப் போயிருப்பார்.

பிள்ளைகளிடமும் பெற்றோரிடமும் முதல் நாளே ஒரு விதியைச் சொல்லிவிடுங்கள்: தலையில் அடி பட்டு, பொறி கலங்கியிருக்குமோ என்று சந்தேகம் வந்தால் அன்றைக்கு அந்தப் பிள்ளைக்கு ஆட்டம் முடிந்தது. இறுதிப் போட்டியாக இருந்தாலும் சரி, டீமிலேயே நல்ல ரெய்டராக இருந்தாலும் சரி. இதை அமைதியான நாளில் சொல்லி வைப்பதில்தான் பலன். மூன்று பாயிண்ட் பின்தங்கி, நான்கு நிமிடம் மிச்சம் இருக்கும்போது புது விதியை யாரும் காதில் வாங்க மாட்டார்கள், நீங்கள் உட்பட.

பிள்ளைகளுக்கு இன்னொன்றும் சொல்லுங்கள். கூட ஆடுகிறவனுக்குத் தலைவலி என்று தெரிந்தால் வந்து சொல்வது காட்டிக்கொடுப்பது ஆகாது. கனடாவில் ஒட்டாவா பக்கம் ரோவன் ஸ்டிரிங்கர் என்ற 17 வயதுப் பெண், பள்ளி ரக்பி அணியின் கேப்டன், 2013 மே மாதம் இறந்துபோனாள். சில நாட்களுக்குள் திரும்பத் திரும்பத் தலையில் அடி பட்டிருந்தது. தலை வலிப்பதைச் சிநேகிதிகளுக்கு மெசேஜ் அனுப்பியிருந்தாள். பெரியவர்கள் யாருக்கும் தெரியாது. ஒன்டாரியோ மாகாணம் 2018-இல் இயற்றிய விளையாட்டுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு அவள் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளின் வலி முதலில் பிள்ளைகளுக்குத்தான் தெரிகிறது. அது உங்கள் காதுக்கு வர ஒரு வழி இருக்க வேண்டும்.

அடி பட்ட அந்த நிமிடம்

விசில் அடித்து ஆட்டத்தை நிறுத்துங்கள். ஓடிப் போய்த் தூக்காதீர்கள். நம் ஊர்ப் பழக்கம் எப்படி என்றால், விழுந்தவுடன் நாலு பேர் கையையும் காலையும் பிடித்துத் தூக்கி நிழலுக்குக் கொண்டு போவார்கள். கழுத்தெலும்பில் காயம் இருந்தால் அந்தத் தூக்கலிலேயே கை கால் செயலிழந்து போகலாம். கழுத்து வலிக்கிறது என்றாலோ, பேச்சு மூச்சின்றிக் கிடந்தாலோ, கிடக்கிற இடத்திலேயே தலையையும் கழுத்தையும் ஆடாமல் இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு 108-ஐக் கூப்பிடுங்கள். மூச்சு இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் சி.பி.ஆர். (நெஞ்சை அழுத்தும் முதலுதவி) தொடங்க வேண்டும். வாந்தி எடுத்தால் மட்டும் தலை, கழுத்து, உடம்பு மூன்றையும் ஒரே கட்டையைப் புரட்டுவது போலச் சேர்த்துப் பக்கவாட்டில் திருப்புங்கள். கிரிக்கெட் ஹெல்மெட் போட்டிருந்தால், கழற்றும் முறையைக் கற்றவர் தவிர வேறு யாரும் கழற்றக் கூடாது.

செய்யக் கூடாதவை இன்னும் உண்டு. வலிப்பு வந்தால் கையில் சாவியைத் திணிக்காதீர்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள். சோடா, குளுக்கோஸ் தண்ணீர் எதுவும் ஊற்ற வேண்டாம். தைலம் தேய்த்து மண்டையை அமுக்குவதும், "சுளுக்கா இருக்கும்" என்று கழுத்தைத் திருகிச் சொடக்கு எடுப்பதும் வேண்டவே வேண்டாம். இந்தக் கடைசி ஒன்றை அன்பின் பேரில் செய்ய ஊருக்கு ஒருவர் இருப்பார். அவரைக் கொஞ்சம் தள்ளியே நிறுத்துங்கள்.

பிள்ளை விழிப்போடு இருந்து, கழுத்தில் வலி இல்லை, தானாகவே எழுகிறான் என்றால் வெளியே கூட்டி வந்து உட்கார வையுங்கள். இப்போது பொறுமையாகப் பார்க்க வேண்டும். விழுந்தவன் ஒரு கணம் அசையாமல் கிடந்தானா? எழும்போது தள்ளாடினானா? பார்வை எங்கோ வெறித்திருக்கிறதா? தலையைக் கையால் பிடித்துக்கொள்கிறானா? கேள்விக்குப் பதில் தாமதமாக வருகிறதா? அவன் சொல்வதையும் கேளுங்கள். தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், கண்ணில் பூச்சி பறக்கிறது, வெளிச்சம் கூசுகிறது, சத்தம் பிடிக்கவில்லை. பெரும்பாலான பிள்ளைகள் இவ்வளவு தெளிவாகச் சொல்வதில்லை. "என்னமோ மாதிரி இருக்கு சார்" என்பார்கள். அந்த ஒரு வாக்கியமே போதும். காரணமில்லாமல் அழுவது, எரிந்து விழுவது இரண்டும் அறிகுறிதான். குறிப்பாகச் சின்னப் பிள்ளைகளிடம்.

அப்புறம் சில கேள்விகள். "இது எத்தனை விரல்?" என்று கேட்பதால் பயனில்லை. ஆட்டத்தை ஒட்டிய கேள்விகள்தான் நினைவுத் தடுமாற்றத்தைக் காட்டும். நாம எந்த கிரவுண்டுல இருக்கோம்? இது முதல் பாதியா, ரெண்டாவதா? கடைசியா பாயிண்ட் எடுத்தது யாரு? போன மேட்ச் எந்த ஸ்கூலோட ஆடினோம்? ஜெயிச்சோமா? பத்து வயதுப் பிள்ளையிடம், இப்போ மத்தியானச் சாப்பாடு முடிஞ்சுதா, கிளாஸ் டீச்சர் பேர் என்ன என்று கேட்கலாம். ஒரு பதில் தவறினாலே சந்தேகம் உறுதி. எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னாலும், மேலே சொன்ன அறிகுறியில் ஒன்று இருந்தால் உள்ளே அனுப்பாதீர்கள். வெளியே எடுப்பதற்குத்தான் இந்தக் கேள்விகள். திரும்ப உள்ளே அனுப்புவதற்கு இதை ஒரு தேர்வாக வைக்கக் கூடாது.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நிலைமைகள்

இந்தப் பத்தியை மட்டும் ஒரு அட்டையில் எழுதி முதலுதவிப் பெட்டியின் மூடியில் ஒட்டிவையுங்கள். மயக்கம், ஒரு நொடியானாலும். வலிப்பு. வாந்தி. போகப் போகக் கூடும் தலைவலி, அல்லது தாங்க முடியாத தலைவலி. கழுத்து வலி. எல்லாம் இரண்டாகத் தெரிவது. கை கால் மரத்துப் போவது, பலமில்லாமல் போவது. பேச்சு குழறுவது. எழுப்ப எழுப்பத் தூக்கத்தில் விழுவது. வழக்கமில்லாத மூர்க்கம், குழப்பம். ஒரு கண்மணி பெரிதாகவும் இன்னொன்று சிறிதாகவும் இருப்பது. மூக்கிலிருந்தோ காதிலிருந்தோ ரத்தமோ தண்ணீர் போன்ற திரவமோ வடிவது. இவற்றில் ஒன்று இருந்தாலும் 108. இலங்கையில் இருப்பவர்களுக்கு 1990. பைக்கில் நடுவில் உட்கார வைத்துக் கொண்டுபோக வேண்டாம். வழியில் மயங்கினால் பிடிக்க முடியாது.

இவை எதுவும் இல்லாவிட்டாலும் டாக்டரிடம் காட்டத்தான் வேண்டும், அன்றைக்கே. கிளினிக்கில் "ஒரு வலி ஊசி போட்டு விடுங்க டாக்டர்" என்று நீங்களாகக் கேட்காதீர்கள். ஆஸ்பிரின், இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வகை மருந்துகள் உள்ளே கசிவு இருந்தால் அதைக் கூட்டிவிடக் கூடும். தலைவலிக்கு பாரசிட்டமால் கொடுக்கலாமா என்று டாக்டரைக் கேட்டுக் கொடுங்கள்.

டெல்லி கிரிக்கெட் வீரர் ராமன் லாம்பாவைப் பழைய ரசிகர்களுக்கு நினைவிருக்கும். 1998 பிப்ரவரி 20 அன்று டாக்காவில் ஒரு கிளப் போட்டியில் ஹெல்மெட் இல்லாமல் ஃபார்வர்டு ஷார்ட் லெக்கில், பேட்ஸ்மேனுக்கு மிகப் பக்கத்தில், நின்றார். பந்து தலையில் பட்டது. எழுந்து, தன் காலாலேயே நடந்து டிரெஸ்ஸிங் ரூமுக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் நிலைமை மோசமானது. உள்ளே ரத்தக் கசிவு. 23-ஆம் தேதி இறந்துபோனார், வயது 38. தலையில் அடி பட்டவர் நன்றாக நடக்கிறார், பேசுகிறார் என்பது முதல் சில மணி நேரத்துக்கு எதையும் நிரூபிப்பதில்லை. அதனால்தான் அடி பட்ட பிள்ளையைத் தனியாக விடக் கூடாது. குறைந்தது முதல் மூன்று மணி நேரம் ஒரு பெரியவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும். பாத்ரூமுக்குப் போனாலும் ஒருவர் கூடப் போகட்டும். சைக்கிளை மிதித்துக்கொண்டு தனியே வீட்டுக்குப் போக விடாதீர்கள்.

உள்ளே அனுப்பச் சொல்லி வரும் நெருக்கடி

எழுதும்போது எளிதாக இருக்கிறது. மைதானத்தில் இதுதான் கஷ்டமான இடம். குறுவட்டப் போட்டி அரையிறுதி. பையன் "ஆடுறேன் சார், ப்ளீஸ் சார்" என்று அழுவான். அவன் அண்ணன் கயிற்றுக்கு வெளியே நின்று கத்துவான். தலைமையாசிரியர் வந்திருப்பார். "எங்க காலத்துல மண்டை உடைஞ்சு துணி கட்டிக்கிட்டு ஆடினோம்" என்று ஒரு பழைய வீரர் ஆரம்பிப்பார். அவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். அவரோடு ஆடியவர்களில் யார் யார் பிற்பாடு தலைவலியோடும் மறதியோடும் வாழ்ந்தார்கள் என்று யாரும் கணக்கு வைக்கவில்லை.

அமெரிக்காவில் வாஷிங்டன் மாகாணத்துப் பையன் ஜாக்கரி லிஸ்டெட்டுக்கு 2006-இல் வயது 13. பள்ளிக்கூட அமெரிக்கன் ஃபுட்பால் போட்டியில் முதல் பாதியில் தலையில் அடி. இடைவேளையில் உட்கார்ந்திருந்துவிட்டு மறுபடி களத்தில் இறங்கினான். ஆட்டம் முடிந்ததும் சரிந்து விழுந்தான். மூளையில் ரத்தக் கசிவு, அவசர அறுவை சிகிச்சை. உயிர் பிழைத்தான், ஆனால் முதல் வார்த்தை பேசவே பல மாதம் ஆயிற்று. சந்தேகம் வந்தால் வெளியே எடுக்க வேண்டும், டாக்டர் எழுதிக் கொடுக்காமல் திரும்ப அனுப்பக் கூடாது என்ற சட்டம் 2009-இல் அவன் பெயரால் அந்த மாகாணத்தில் வந்தது. ஐந்து வருடத்துக்குள் ஐம்பது மாகாணங்களிலும் இப்படிப்பட்ட சட்டங்கள் வந்துவிட்டன.

வட அயர்லாந்தில் 14 வயது பெஞ்சமின் ராபின்சன் 2011 ஜனவரியில் பள்ளி ரக்பி போட்டி ஒன்றில் தலையில் அடி பட்ட பிறகும் ஆட்டத்தைத் தொடர்ந்தான். பிழைக்கவில்லை. முதல் அடியிலிருந்து மீளாத மூளையில் இரண்டாவது அடி பட்டால், சின்ன அடியாக இருந்தாலும் மூளை வேகமாக வீங்கக் கூடும். அரிதாகத்தான் நடக்கும். ஆனால் நடப்பது பெரும்பாலும் இளம் வயதினருக்கு. நடந்தால் உயிருக்கே ஆபத்து. நான் அந்தப் பையனை இரண்டு ரெய்டுக்கு உள்ளே அனுப்பினேன் என்று சொன்னேனே, அதை நினைத்துத்தான் தூக்கம் வராமல் கிடந்தேன்.

பெரிய ஆட்டங்களே மாறிவிட்டன என்று பிள்ளைகளிடம் எடுத்துச் சொல்லுங்கள், அவர்களுக்கு அது புரியும். 2019 ஆகஸ்டில் லார்ட்ஸ் மைதானத்தில் ஜோஃப்ரா ஆர்ச்சரின் பந்து ஸ்டீவ் ஸ்மித்தின் கழுத்தில் பட்டது. சோதனைகளில் தேறி, திரும்பி வந்து பேட் செய்தார். மறுநாள் காலை எழுந்தபோதுதான் தலைவலியும் மந்தமும். அணியிலிருந்து விலக்கி, மார்னஸ் லபுஷேனை மாற்று வீரராக இறக்கினார்கள். டெஸ்ட் கிரிக்கெட்டில் முதல் கன்கஷன் மாற்று வீரர் அவர்தான். அறிகுறி மறுநாள்கூட வரலாம் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை. நம் நடராஜன் டி20-யில் அறிமுகமான கான்பெரா போட்டியில், 2020 டிசம்பர் 4 அன்று, ஹெல்மெட்டில் அடி வாங்கிய ஜடேஜாவுக்குப் பதிலாக சஹல் வந்து மூன்று விக்கெட் எடுத்தார். ஆடாமல் வெளியே உட்காருவது கோழைத்தனம் என்று அன்றைக்கு யாரும் ஜடேஜாவைச் சொல்லவில்லை.

கபடியில் ஏழு பேர் உள்ளே, ஐந்து பேர் வெளியே. ஆள் இல்லை என்பது பெரும்பாலும் காரணமே அல்ல. முடிவைப் பையனிடம் கேட்காதீர்கள். கலங்கியிருப்பது அவனுடைய மூளை, அதனிடமே போய் நீ சரியா என்று கேட்க முடியாது. "இது நான் எடுத்த முடிவு, பழி என் மேல" என்று சத்தமாகச் சொல்லிவிடுங்கள். பையனுக்கு அது ஒரு ஆறுதல்.

பெற்றோருக்கு ஃபோனில் சொல்வது

"லேசா அடி, பயப்படாதீங்க" என்று மழுப்பாதீர்கள். இத்தனை மணிக்கு நெற்றியில் அடி பட்டது, மயங்கவில்லை, ஆனால் ஒரே கேள்வியை மூன்று முறை கேட்டான், டாக்டரிடம் கூட்டிப் போகிறோம், நீங்கள் நேராக அங்கே வாருங்கள் என்று நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். அதையே நேரத்தோடு நோட்டிலும் எழுதுங்கள். டாக்டருக்கு இந்தக் குறிப்பு மிகவும் உதவும், ஏனென்றால் அடி பட்ட பிள்ளைக்கு அந்த நேரம் நினைவிருக்காது.

வீட்டில் முதல் இரண்டு நாள்

"தூங்கவே விடக் கூடாது" என்று பாட்டி சொல்வார். டாக்டர் பார்த்து, ஆபத்து அறிகுறி இல்லை, வீட்டுக்குப் போகலாம் என்று சொன்ன பிறகு தூங்கலாம். தூக்கம் நல்லது. முதல் ராத்திரி மட்டும் யாராவது அதே அறையில் படுத்துக்கொள்ளுங்கள். மூச்சு சீராக இருக்கிறதா, எழுப்பினால் வழக்கம்போல முனகித் திரும்பிப் படுக்கிறானா என்று பார்த்தால் போதும். எத்தனை முறை எழுப்ப வேண்டும் என்பதை டாக்டரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

முன்பெல்லாம் தலைவலி முழுக்கப் போகும் வரை இருட்டறையில் படுத்தே கிடக்க வேண்டும் என்பார்கள். இப்போது அப்படிச் சொல்வதில்லை. விளையாட்டு மருத்துவ நிபுணர்கள் 2022 அக்டோபரில் ஆம்ஸ்டர்டாமில் கூடி உருவாக்கி, 2023-இல் வெளியிட்ட வழிமுறைப்படி, முதல் 24 முதல் 48 மணி நேரம் மிதமான ஓய்வு. அதாவது வீட்டுக்குள் நடக்கலாம், சாப்பிடலாம், பேசலாம், குளிக்கலாம். செல்ஃபோன், டிவி, வீடியோ கேம் ஆகியவற்றை இந்த இரண்டு நாளும் நன்றாகக் குறைக்க வேண்டும். அது சீக்கிரம் சரியாக உதவுகிறது. இரண்டு நாளுக்குப் பிறகும் படுக்கையிலேயே வைத்திருந்தால் குணமாவது தாமதமாகும். மெல்லக் கடைக்கு நடந்து போய் வரச் சொல்லுங்கள்.

முதலில் வகுப்பறை, அப்புறம்தான் கோர்ட்

பள்ளிக்கு முழுதாகத் திரும்பாத பிள்ளை விளையாட்டுக்கும் முழுதாகத் திரும்பக் கூடாது. வீட்டில் பதினைந்து இருபது நிமிடம் படித்துப் பார்க்கட்டும். தலைவலி கூடாவிட்டால் அரை நாள் பள்ளி. அப்புறம் முழு நாள். இந்த நாட்களில் ஸ்பெஷல் கிளாசும் டியூஷனும் வேண்டாம். வகுப்பாசிரியரிடம் நீங்களே போய்ப் பேசுங்கள். வெளியே கட்டு இல்லை, காயம் இல்லை, அதனால் பையன் நடிக்கிறான் என்று நினைக்க வாய்ப்பு உண்டு. போர்டைப் பார்த்தால் கண் கூசுகிறது, கவனம் நிற்கவில்லை என்றால் அது சோம்பேறித்தனம் இல்லை என்று விளக்குங்கள். இந்த வாரத் தேர்வைத் தள்ளி வைக்கக் கேளுங்கள். பெரும்பாலான ஆசிரியர்கள் ஒத்துக்கொள்கிறார்கள், யாராவது போய்க் கேட்டால்.

திரும்பி வரும் படிகள்

ஆறு படிகள். ஒவ்வொன்றுக்கும் குறைந்தது ஒரு முழு நாள். கபடிக்கு ஏற்றபடி சொல்கிறேன்.

முதல் படி, அன்றாட நடமாட்டம். இரண்டாவது, வேக நடை அல்லது நின்ற இடத்திலேயே மிதிக்கும் சைக்கிள், முதல் நாள் இலேசாக, அடுத்த நாள் கொஞ்சம் வேர்க்கும்படி. மூன்றாவது, தனியாக ஓட்டமும் கால் நகர்வுப் பயிற்சியும். கூட யாரும் இருக்கக் கூடாது, தலையில் எதுவும் படும் வாய்ப்பே இருக்கக் கூடாது. இந்த மூன்று படிகளிலும் தலைவலி இலேசாகக் கூடி ஒரு மணி நேரத்துக்குள் அடங்கினால் பரவாயில்லை. அதற்கு மேல் போனால் அன்றைக்கு நிறுத்திவிட்டு மறுநாள் பாருங்கள்.

நாலாவது படிக்குப் போகும் முன் ஒரு கதவு இருக்கிறது. ஓடினாலும் குதித்தாலும் எந்த அறிகுறியும் இல்லை, படிப்பு வழக்கம்போல நடக்கிறது, டாக்டர் பார்த்து எழுதிக் கொடுத்துவிட்டார். மூன்றும் வேண்டும். "ஃபிட்" என்று ஒற்றை வார்த்தையில் சீட்டு வாங்கி வந்தால் திருப்பி அனுப்புங்கள். உடல் மோதும் விளையாட்டு ஆடலாமா என்று டாக்டரிடம் தெளிவாகக் கேட்டு வரச் சொல்லுங்கள்.

நாலாவது, டீமோடு சேர்ந்து பயிற்சி, ஆனால் பிடி கிடையாது. ரெய்டு போகலாம், தொடலாம், மடக்கக் கூடாது. ஐந்தாவது, பிடியோடு முழுப் பயிற்சி. ஆறாவது, போட்டி. நாலில் இருந்து ஆறு வரை எந்த இடத்தில் அறிகுறி திரும்பினாலும் மூன்றாவதற்கே இறங்க வேண்டும்.

கணக்குப் போட்டால் ஒரு வாரத்தில் முடித்துவிடலாம் போலத் தெரியும். பிள்ளைகளுக்கு அப்படி ஆவது அரிது. சரியாக நாலு வாரம் வரை எடுப்பது சகஜம். பிரிட்டனில் தொழில்முறை அல்லாத விளையாட்டுக்கென்று 2023-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் 21 நாளுக்கு முன் போட்டியில் இறங்கவே கூடாது என்கிறது. நானும் அந்த 21 நாளைத்தான் பிடித்துக்கொள்கிறேன். தேதியைச் சொல்லிவிட்டால் வாக்குவாதம் குறைகிறது. நாலு வாரம் தாண்டியும் தலைவலி, மறதி, தூக்கக் கோளாறு, எரிச்சல் இருந்தால் நரம்பியல் டாக்டரிடம் போக வேண்டும். பெண் பிள்ளைகள் டீமுக்குப் பயிற்சி கொடுப்பவர்கள் இன்னும் கவனமாக இருங்கள். ஒரே விளையாட்டை ஆடும் பையன்களைவிட அவர்களிடம் இது கூடுதலாகப் பதிவாகிறது.

அடி படும் வாய்ப்பைக் குறைக்க

ஹெல்மெட் மண்டையோடு உடையாமல் காக்கும். உள்ளே மூளை ஆடுவதைத் தடுக்காது. அதற்காகப் போடாமல் விடச் சொல்லவில்லை. கிரிக்கெட் பந்து 163 கிராம் வரை இருக்கிறது. ஹெல்மெட்டின் கம்பி வலைக்கும் மேல் விளிம்புக்கும் நடுவே அந்தப் பந்து நுழையாத அளவுக்கு இடைவெளியைச் சரிசெய்து, தாடைப் பட்டையை இறுக்குங்கள். அண்ணனுடைய ஹெல்மெட் தம்பிக்கு லொடலொட என்று ஆடினால் பயனில்லை. பலமாக அடி வாங்கிய ஹெல்மெட்டை மாற்றிவிடுங்கள், வெளியே விரிசல் தெரியாவிட்டாலும். ஃபுட்பாலில் சின்னப் பிள்ளைகளுக்கு ஹெட்டிங் பயிற்சி வேண்டாம். அமெரிக்காவில் 2015-இல் பத்து வயது வரை ஹெட்டிங்கையே தடை செய்தார்கள். இங்கிலாந்தில் 2020 முதல் தொடக்கப் பள்ளி வயதுப் பிள்ளைகளின் பயிற்சியில் அது கிடையாது.

கபடியில் நான் கண்டவரை தலையில் அடி படுவது பெரும்பாலும் இரண்டு விதத்தில். கணுக்காலைப் பிடிக்கப் பாய்பவன் தரையைப் பார்த்தபடி பாய்கிறான், முழங்கால் வருவது தெரிவதில்லை. அல்லது இரண்டு பேர் ஒரே நேரத்தில் ரெய்டரின் மேல் விழுந்து ஒருவர் தலையில் ஒருவர் இடித்துக்கொள்கிறார்கள். முதலாவதற்கு: பாயும்போது முகவாய் மேலே, கண் ரெய்டரின் தொடையில், தலை அவன் காலுக்கு வெளிப்பக்கம், முதலில் படுவது தோள்பட்டை. இதை மெதுவாக, முட்டி போட்ட நிலையில், ஒரு நாளைக்கு இருபது முறை செய்ய வைக்கிறேன். இரண்டாவதற்கு: யார் கால், யார் இடுப்பு என்று கார்னரும், உட்பக்கம் நிற்கும் கவரும் முன்பே பேசி வைத்துக்கொண்டு, பிடிக்கும்போது வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

மண் கோர்ட்டில் ஆடுபவர்கள் தினமும் கல் பொறுக்குங்கள். எங்கள் கோர்ட்டில் லாபிக்கு (பக்கவாட்டு ஓரப் பட்டைக்கு) வெளியே இரண்டடி தள்ளி ஒரு சிமெண்ட் திண்ணை இருந்தது. வருஷக் கணக்காக அதில்தான் பைகளை வைப்போம். நெற்றியில் அடி பட்ட அந்தப் பையன் திரும்பி வந்த வாரம், அவன் அப்பா அந்தத் திண்ணையைப் பார்த்துவிட்டு, "சார், இது எதுக்கு இவ்ளோ பக்கத்துல?" என்று கேட்டார். அவர் கொத்தனார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆள் கூட்டி வந்து இடித்து எடுத்துவிட்டார். உங்கள் மைதானத்தில் கோட்டைத் தாண்டி எட்டடிக்குள் என்னென்ன இருக்கிறது என்று நாளைக்கு ஒருமுறை சுற்றி நடந்து பாருங்கள்.